இடது ஓரத்து முப்பத்தேழு புள்ளி

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. மொட்டைமாடியில் காயப்போட்ட வேட்டி பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல். ஒன்பது முதல் இரண்டு வரை கரண்ட் இல்லை, மாதப் பராமரிப்பு. கணினி வேலை மதியத்துக்கு மேல்தான்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிக்க வேண்டியவை:
– பக்கப் பட்டையின் நிறம். கறுப்பு போதுமா, கொஞ்சம் பழுப்பு கலக்கவா
– ஐகான்களில் பதினொன்று மற்றவற்றோடு அளவில் ஒத்துப்போகவில்லை
– தமிழ்த் தேதி
– சர்க்கரை மாத்திரை வாங்க
– வால்பேப்பர் (மலைக்கோட்டை வேண்டாம். போன முறை நான்கு பேர் அதைத்தான் வைத்திருந்தார்கள்)

திண்டுக்கல் பேகம்பூரில் ரபீக்கின் கணினி பழுதுபார்க்கும் கடை. அதன் மாடியில் மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறு கூடுகிறோம், பதினைந்து இருபது பேர். எல்லோரும் கணினியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் வைத்திருப்பவர்கள். அவரவர் திரையை அவரவர் கைப்பட அலங்கரித்துக் கொண்டுவந்து சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டுவது. மார்கழியில் கோலம் போட்டுவிட்டு எதிர்வீட்டு வாசலை ஓரக்கண்ணால் பார்ப்பார்களே, அதேதான்.

இந்த முறை விஷயம் கொஞ்சம் பெரிது. ஓர் அரசுப் பள்ளிக்குப் பன்னிரண்டு பழைய கணினிகளைச் சரிசெய்து கொடுக்கப்போகிறோம். எந்தத் திரையை எல்லோரும் தேர்ந்தெடுக்கிறார்களோ அதுவே பன்னிரண்டிலும் ஏறும். திறந்தவுடன் வரும் பக்கத்தில், அடியில், செய்தவர் பெயர் இருக்கும்.

எனக்கு அந்த இடம் வேண்டும். டைரியில் என்ன பாசாங்கு. முப்பத்து மூன்று வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். பள்ளிக்கூடச் சுவரில் தலைமையாசிரியர்கள் பெயரைத்தான் பலகையில் எழுதுவார்கள். நான் தலைமையாசிரியர் ஆகவில்லை.

மனைவி விசாலாட்சி காப்பியோடு வந்து பின்னால் நின்று பார்த்தாள்.

"போன மாசம் இந்தப் பட்டை கீழ கெடந்துச்சு. இப்ப எடது பக்கம் நிக்கிது. இதுக்கா இம்புட்டு நாளு?"

"நிறம் மாறியிருக்கே, பாக்கலையா?"

"மாறியிருக்கா?" என்றாள். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

ஜூலை 10, வியாழன்

வெயில். காற்று நிற்கவில்லை. திரை துடைத்தால் அரை மணி நேரத்தில் மறுபடி தூசி.

இன்றைய தலைவலி: தமிழ் எழுத்தின் தலை. திரையை அமைக்கும் கோப்பில் ஒரு வரியின் உயரம் 22 என்று இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அது போதும். நம் எழுத்துக்கு மேலே 'தி'யின் விலங்கு உண்டு, 'தீ'யின் சுழி உண்டு. அவை கூரையில் இடித்து வெட்டுப்படுகின்றன. திங்கள் என்று போட்டால் 'தங்கள்' என்று நிற்கிறது. 26 வைத்தேன், பாதிச் சுழி வந்தது. 28, இன்னும் மயிரிழை. 30 சரி. பிறகு வேறு எழுத்துரு மாற்றிப் பார்த்தேன், மறுபடி இடிக்கிறது. பழையதற்கே திரும்பினேன். ஒரு முழுப் பிற்பகல். ஆனால் இப்போது எழுத்துகளெல்லாம் தலை நிமிர்ந்து நிற்கின்றன.

இந்தப் பட்டையை எப்படிக் கற்றேன் என்பதையும் எழுதி வைக்கிறேன், பின்னால் மறந்துவிடும். மே கடைசியில் ரபீக் ஒரு பென் டிரைவ் கொடுத்தார். "சாம்பிள் நெறைய கெடக்கு சார். பாத்துப் பிடிச்சத எடுத்துக்கங்க." அதில் 'பட்டை-3' என்று ஒரு கோப்பு. போட்டுப் பார்த்ததும் மனது நின்றுவிட்டது. திரையின் இடது பக்கத்தில் மேலிருந்து கீழாக, ஐகான்களும் தேதியும் நிற்கும் ஒல்லியான பட்டை, அதற்கும் ஓரத்துக்கும் நடுவில் கறுப்பாக ஒரு சந்து. எதுவும் நெருக்கவில்லை.

அப்படியே நகலெடுத்து வைத்துக்கொள்வது ஒரு நொடி வேலை. அதில் படிப்பு இல்லை. எழுதினால்தான் மனதில் நிற்கும் என்று பிள்ளைகளிடம் சொன்னவன் நான். நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். தினம் பத்து வரி கையால் எழுதுவது, அதில் ஒரு எண்ணை மாற்றிப் பார்ப்பது, என்ன ஆகிறது என்று பக்கத்தில் குறிப்பது. # என்று தொடங்கும் வரிகளைக் கணினி படிக்காது என்று தெரிந்ததும் அவற்றை விட்டுவிட்டேன். கணினியே படிக்காததை நான் எதற்கு எழுத வேண்டும்? இருநூற்றுப் பதினெட்டு வரி. கடைசியில் நோட்டைப் பார்த்துப் புதிதாக நானே தட்டச்சு செய்தேன்.

மாத்திரை வாங்க மறந்துவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

பதினேழு பேர். மாடியில் ஒரே புழுக்கம். மின்விசிறி ஒன்றுதான், அதுவும் பால்பாண்டி தலைக்கு மேல். பால்பாண்டி ஓய்வு பெற்ற லைன்மேன். குழுவில் வாய் அவருக்குத்தான். அவர் திரையில் அருவி கொட்டுகிறது, கீழே மீன்கள் ஓடுகின்றன. சுட்டியை அருகே கொண்டுபோனால் மீன் விலகுகிறது.

"வாத்தியாரே, பொரி போட்டா வந்து திங்கும். போடவா?"

"கணினிக்கு மூச்சு வாங்குதே பால்பாண்டி, விசிறி சத்தம் கேக்குதா?"

"அது அருவிச் சத்தம் சார்!"

ஒரே சிரிப்பு.

என் திரை ஆறாவதாக வந்தது. சுவரில் விழுந்ததும் சத்தம் அடங்கியது. அந்த அமைதியை நான் ரசித்தேன். ரபீக் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய்த் தமிழ்த் தேதியைத் தொட்டுப் பார்த்தார். "சார், ஒரு எழுத்துக்கூட வெட்டுப்படலையே!"

பிறகு அவரே கேட்டார். "எடது ஓரத்துல கறுப்பா ஒரு சந்து விட்டிருக்கீங்களே, அது என்னா கணக்கு?"

"முப்பத்தேழு புள்ளி," என்றேன், பிக்சல் கணக்கில்.

"ஏன் முப்பத்தேழு? நாப்பது வைக்கலாம், முப்பத்தஞ்சு வைக்கலாம்."

எனக்குத் தெரியாது. கோப்பில் அப்படி இருந்தது. ஆனால் பதினேழு பேர் பார்க்கிறார்கள், வாய் தானாகத் திறந்தது. நோட்டில் மார்ஜின் விடுகிறோம், எதற்கு? கண் ஒவ்வொரு வரிக்கும் திரும்பி வந்து கால் ஊன்ற இடம் வேண்டும். நாற்பது என்றால் பள்ளமாகத் தெரியும், முப்பது என்றால் தவறிப்போய் விட்டது போல இருக்கும். முப்பத்தேழில் கண்ணுக்கு அளவு தெரியாது, இதம் மட்டும் தெரியும். இப்படி ஐந்து நிமிடம். கைதட்டினார்கள்.

கை தூக்கியதில் எனக்குப் பதினொன்று. "சாரோடதுதான் ஏறுது. இருவத்தேழாம் தேதி உறுதி பண்ணிப்புட்டு மிஷின்ல ஏத்திருவோம்," என்றார் ரபீக். திரையின் படத்தை என் பெயரோடு குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டார்.

வரும் வழியில் மாத்திரை வாங்கினேன். விசாலாட்சிக்கு முறுக்கும்.

ஜூலை 14, திங்கள்

குழுவில் வாழ்த்து மேல் வாழ்த்து. காலையில் இரண்டு முறை எண்ணினேன். மதியம் ஒரு முறை.

மூன்று மணிக்குத் தனியாக ஒரு செய்தி. செண்பகம், கீரனூர். பழனிக்கு அந்தப் பக்கம். குழுவில் பெயர் பார்த்திருக்கிறேன், கூட்டத்துக்கு வந்ததில்லை. அங்கே ஜெராக்ஸ், தட்டச்சுக் கடை வைத்திருப்பவர் என்று ரபீக் ஒருமுறை சொன்ன நினைவு.

'வணக்கமுங்க சார். எடது பக்கம் 37 விட்டிருக்கீங்களே, எதுக்குங்க?'

மகிழ்ச்சியாக இருந்தது. மார்ஜின் விளக்கம் முழுவதையும் தட்டி அனுப்பினேன்.

செத்த நேரம் கழித்துப் பதில்.

'என்ற மானிட்டர்ல எடது ஓரத்துல கோடு உழுந்து கெட்டுப்போச்சுங்க. கெட்டுப்போன எடம் 37 புள்ளி அகலம். அதுக்காகத்தானுங்க நான் விட்டேன்.'

அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை.

ஜூலை 15, செவ்வாய்

காலை ஆறுக்கே பென் டிரைவைச் செருகினேன். 'பட்டை-3'. நான் எழுதாமல் விட்ட வரிகளை முதல் முறையாகப் படித்தேன். தலையிலேயே நான்கு வரி.

# பக்கப் பட்டை, மூணாவது முயற்சி
# செஞ்சது: செண்பகம், கீரனூர்
# எடது ஓரம் 37: என் மானிட்டர்ல கோடு. உங்களுது நல்ல மானிட்டர்னா 0 போட்டுக்கோங்க
# யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம், மாத்திக்கலாம். பேரை மட்டும் விட்டுறாதீங்க

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து மறுபடி படித்தேன்.

ஒரு அரையாண்டுத் தேர்வு நினைவுக்கு வந்தது. ஒன்பதாம் வகுப்பு. இரண்டு விடைத்தாள்களில் ஏழெட்டு ஐம்பத்து நாலு. சரியான விடை இரண்டு பேருக்கும் ஒன்றாக இருக்கலாம், அது இயற்கை. தப்பு ஒன்றாக இருந்தால் யாரோ யாரையோ பார்த்திருக்கிறார்கள். இருவரையும் கூப்பிட்டு, "இந்த ஐம்பத்து நாலு எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டேன். ஒருவன் தலையைச் சொறிந்தான். மற்றவன் நீளமாக விளக்கம் சொன்னான். விளக்கம் சொன்னவன்தான் பார்த்து எழுதியவன்.

ஐந்து நிமிடம் விளக்கம் சொன்னேனே.

செண்பகத்துக்குப் பதில் போடவில்லை. மூன்று முறை போனைக் கையில் எடுத்தேன். கீரை ஆய்ந்து கொடுத்தேன், விசாலாட்சி ஆச்சரியமாகப் பார்த்தாள்.

ஜூலை 16, புதன்

ரபீக்குக்குப் போன்.

"அட ஆமா சார்! அந்தம்மா போன நவம்பர்ல பழனியிலருந்து வந்த ஆளு கிட்டக் குடுத்து விட்டுச்சு. கூட்டத்துல போட்டுக் காட்டுங்கன்னு சொல்லி. நான் அந்த டிரைவை டிராயர்ல போட்டு மறந்தே போயிட்டேன். அதத்தான் உங்களுக்குக் குடுத்திருக்கேன் போல."

"அதில அவங்க பேர் இருக்கு ரபீக். நான் பேரை விட்டுட்டு எழுதியிருக்கேன்."

"சார், இதெல்லாம் ஒரு விசயமா? கலர் மாத்தியிருக்கீங்க, தமிழ் சேத்திருக்கீங்க. அந்தம்மா என்னமும் கேட்டுச்சா?"

"முப்பத்தேழு எதுக்குன்னு கேட்டாங்க."

"அம்புட்டுதான? விடுங்க. அவங்க கிட்ட இப்ப ஒண்ணும் கெடையாது. ஜனவரியில ஹார்ட் டிஸ்க் போயிருச்சுன்னு ஆள் விட்டுப் புதுசு என்கிட்டதான் வாங்குனாங்க. இருக்குறது அந்த ஒரு டிரைவ்தான். அதுவும் உங்ககிட்டதான இருக்கு."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ரபீக் அப்படிப்பட்டவர் இல்லை. சமாதானப்படுத்துவதற்காகச் சொன்னார். ஆனால் போனை வைத்த பிறகு அந்த வாக்கியம் போகவில்லை. பென் டிரைவ் மேசையில் கிடக்கிறது. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு கணினியில் என் பெயர். ஒரு மணி நேரம், இல்லை, அதற்கும் மேல், அப்படியே இருந்துவிடலாமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும், யோசித்தது உண்மை.

விசாலாட்சியிடம் சொன்னேன். முழுவதும் கேட்டாள். பட்டை, புள்ளி எதுவும் அவளுக்குப் புரிந்திருக்காது.

"அந்தக் கீரனூர்ப் பிள்ளை தூங்கியிருக்குமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்பை அணைக்கப் போனாள்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. காற்று இப்போதுதான் முறைப்படி வருகிறதாம்.

பத்து மணிக்குச் செண்பகத்தைக் கூப்பிட்டேன். பின்னால் ஜெராக்ஸ் இயந்திரச் சத்தம்.

"ஏனுங்க சார், நல்லாருக்கீங்களா?"

"நல்லா இருக்கேம்மா. அந்தப் பட்டை உங்களுது. நான் பாத்து எழுதினேன். உங்க பேர் இருந்த வரியை விட்டுட்டேன்."

இயந்திரம் நின்றது.

"எடுத்தீங்களா, விட்டீங்களா சார்?"

"படிக்கவே இல்லம்மா. கம்ப்யூட்டர் படிக்காத வரின்னு நானும் படிக்கல."

"அது எடுத்ததக் காட்டியும் மோசமுங்க."

சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. கடைக்கு யாரோ வந்து ஆதார் இரண்டு பக்கமும் வேண்டும் என்று கேட்டார். "செத்த இருங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார்.

"நவம்பர்ல குடுத்து உட்டேனுங்க. நல்லாருக்கு, நல்லால்ல, ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லலீங்க. சரி, நல்லால்லையாட்ட இருக்குதுன்னு உட்டுப்போட்டேன். நாலாவது முயற்சி பாதியில நின்னுபோச்சு. அப்பறம் டிஸ்க்கும் போயிருச்சுங்களா, போனாப் போவுதுன்னு இருந்தேன். ஞாயித்துக்கெழம குரூப்புல படத்தப் பாத்ததும் மொதல்ல சந்தோசமாத்தானுங்க இருந்துச்சு. என்ற பட்டை! எல்லாரும் நல்லாருக்குதுங்கறாங்க! அப்பறந்தான் கீழ பேரைப் பாத்தேன்."

"நான் என்ன செய்யணும், சொல்லுங்கம்மா."

"அத நான் எப்படீங்க சொல்றது? நீங்கதானுங்க சொல்லோணும்."

ஆதார்க்காரர் மறுபடி கூப்பிட்டார். வைத்துவிட்டார்.

ஜூலை 18, வெள்ளி

குழுவுக்கு எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவு நான்கு பத்தி. நோட்டு, தினம் பத்து வரி, எழுதிப் படிப்பதன் பயன், எல்லாம் வந்துவிட்டது. விசாலாட்சியிடம் படித்துக் காட்டினேன்.

"இதுல தப்பு எங்க இருக்கு? உங்க நோட்டு பெருமைதான இருக்கு."

இரண்டாவது வரைவு இரண்டு பத்தி. மூன்றாவது வரைவு ஐந்தே வாக்கியம்: நான் காட்டிய பட்டை கீரனூர் செண்பகம் செய்தது. அவர் பெயரை நான் விட்டுவிட்டேன். முப்பத்தேழுக்கு நான் சொன்ன விளக்கம் அங்கேயே இட்டுக்கட்டியது. அவருடைய மானிட்டரில் பழுது, அதுதான் காரணம். நிறமும் தமிழ் எழுத்தின் உயரமும் மட்டும் நான் செய்தவை.

பதினொன்று இருபதுக்கு அனுப்பினேன். பிறகுதான் காலையில் சரியாகச் சாப்பிடாதது நினைவுக்கு வந்தது.

முதல் பதில் பால்பாண்டி, குரல் பதிவு. "ஏ வாத்தியாரே! வாத்தியாரே பிட்டு அடிச்சா யாருய்யா பிடிக்கிறது?" பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம். நியாயம். முப்பத்து மூன்று வருடப் பாக்கி.

வேறொருவர்: 'சார், ஓப்பன் சோர்ஸ்னாலே யாரும் எடுக்கலாம்தானே, இதில் என்ன தப்பு?'

அவருக்கு எழுதினேன். கோயில் அன்னதானத்தில் யாரும் உட்கார்ந்து சாப்பிடலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டு வாசலில் 'உபயம்' என்று என் பெயரை எழுதலாமா?

மாலையில் ரபீக் பேசினார். குரலில் சுரத்தில்லை. "இப்ப சிக்கல் ஆயிருச்சு சார். உங்க பேருல வந்தது உங்களுது இல்ல. அவங்க பேருல எதுவும் வரல, குடுக்க வேண்டிய தேதியும் முடிஞ்சு போச்சு. ரெண்டையும் எடுத்துட்டா அடுத்தது பால்பாண்டி அண்ணனோட மீனுதான். அதத்தான் ஏத்தணும்."

இதை நான் யோசிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் பட்டை உரியவரிடம் போய்ச் சேரும் என்று நினைத்தேன். ஒருவருக்கும் இல்லாமல் போகப்போகிறது.

ஜூலை 20, ஞாயிறு

நேராக ரபீக் கடைக்குப் போனேன். பேருந்தில் நின்றுகொண்டே. சின்னாளப்பட்டி போகிற கூட்டம் வேறு.

ரபீக் ஒரு மடிக்கணினியைப் பிரித்துப் போட்டிருந்தார். திருகாணிகளை டீ கிளாஸ் மூடியில் வரிசையாக வைத்திருந்தார்.

"ரபீக், ஒரு பிள்ளை நேரத்துக்கு விடைத்தாளைக் குடுத்துட்டுப் போகுது. ஹால்ல இருந்த வாத்தியார் அதைப் பையில வெச்சு மறந்துடுறார். அந்தப் பிள்ளை பரீட்சை எழுதலைன்னு போடலாமா?"

திருப்புளியை வைத்துவிட்டுப் பார்த்தார். "சார், என்னையவும் மாட்டி விடுறீங்களே."

"நானே மாட்டித்தானே நிக்கிறேன். துணைக்கு வாங்க."

சிரித்துவிட்டார். திருகாணிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். பிறகு, "நவம்பர்லயே வந்துச்சுன்னு நான் எல்லார் முன்னாடியும் சொல்றேன். தப்பு என் டிராயருலதான். ஆனா ஒண்ணு சார். செஞ்சவங்க சுவத்துப் பக்கம் வந்து நிக்கணும், கேக்குறதுக்குப் பதில் சொல்லணும். அது இங்க எல்லாருக்கும் உள்ளது. அந்தம்மா வரணும்."

"வரச் சொல்றேன்."

"வருமா? ரெண்டு வருசமா கூப்புடுறேன்."

ஜூலை 22, செவ்வாய்

செண்பகத்திடம் பேசினேன். முதலில் முடியாது என்றார். அத்தனை ஆம்பளைகளுக்கு முன்னால் நின்று பேசிப் பழக்கமில்லை, நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார்.

"நான் சொன்னா என்ன ஆகும்னுதான் பாத்துட்டோமேம்மா. ஒரு புள்ளிக்கு அஞ்சு நிமிசம் கதை சொன்னவன்."

முதல் முறையாகச் சிரித்தார்.

"கேள்வி கேப்பாங்களா சார்?"

"கேப்பாங்க. பால்பாண்டின்னு ஒருத்தர், நக்கலும் பண்ணுவார்."

"நக்கல் பண்றவங்களத்தான் தெனமும் கடையில பாக்கறேனுங்க, அது பரவால்ல." கொஞ்சம் யோசித்தார். "ஆடியில பத்திரிகை வேலையே இல்லீங்க. ஒரு கல்யாணமில்ல, ஒரு காதுகுத்துமில்ல. கடைய வீட்டுக்காரரு பாத்துக்குவாரு. வாறேனுங்க."

பழைய கோப்பு வேண்டுமே என்றார். பென் டிரைவில் இருந்ததை அப்படியே அனுப்பினேன், ஒரு எழுத்து மாற்றாமல். என் கோப்பையும் தனியாக. இப்போது என் கோப்பின் தலையில் அந்த நான்கு வரிகள் இருக்கின்றன. கையால்தான் தட்டினேன்.

விசாலாட்சிக்கு முட்டிவலி. நல்லெண்ணெய், கற்பூரம்.

ஜூலை 25, வெள்ளி

எரிவாயு வந்தது. பல்லி ஒன்று மோடம் மேலேயே குடியிருக்கிறது.

செண்பகத்திடமிருந்து இரண்டு கேள்வி. வரி உயரம் ஏன் 30? 28 போதாதா? 28இல் சுழி வெட்டுப்படும் படத்தை எடுத்து அனுப்பினேன். 'சரீங்க' என்று ஒரு சொல். ஒரு மணி நேரம் கழித்து, 'நான் இதைக் கவனிக்கவே இல்லீங்க சார். நவம்பர்ல கிழமைய இங்கிலீசுல வெச்சிருந்தேன்.'

ஜூலை 27, ஞாயிறு

நேற்று மாலை நாலு துளி. இன்று வெயில்.

பத்தரைக்குச் செண்பகம் வந்தார். பழனியிலிருந்து நின்றுகொண்டே வந்தாராம், ஒட்டன்சத்திரத்தில்தான் இடம் கிடைத்ததாம். நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் பென் டிரைவ், தண்ணீர் பாட்டில், எங்களுக்காக ஒரு சீப்பு வாழைப்பழம். மாடிப்படியில் என்னைப் பார்த்ததும், "நீங்கதானுங்களா?" என்றார். நான்தான் என்றேன். பழத்தை வாங்கிக்கொண்டேன்.

ரபீக் முதலில் எழுந்தார். நவம்பர், டிராயர், எல்லாவற்றையும் சொன்னார். சுருக்கமாக, நன்றாகச் சொன்னார். பிறகு நான் எழுந்து குழுவில் எழுதியதையே வாயால் சொன்னேன். எழுதியதைவிடச் சொல்வது கடினம்.

செண்பகம் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். பட்டை சுவரில் விழுந்தது. முதலில் குரல் கேட்கவே இல்லை. பால்பாண்டி எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார்.

"இப்பச் சொல்லுங்க தாயி. அந்த முப்பத்தேழு எதுக்கு? வாத்தியார் கண்ணு, காலு, மார்ஜினுன்னு என்னமோ சொன்னாரு."

"மானிட்டர் ரிப்பேருங்க," என்றார் செண்பகம்.

அவ்வளவுதான் பதில். மாடி அதிர்ந்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

சிரிப்பு அடங்கிய பிறகு அவரே தொடர்ந்தார். கடையில் நாள் முழுதும் கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது மேலேயும் கீழேயும் பட்டை இருந்தால் பக்கம் குட்டையாகத் தெரிகிறது. பக்கவாட்டில் நிற்க வைத்தால் ஏ4 தாள் முழுதாகத் தெரியும். அதற்காகத்தான் பட்டையை எழுப்பி நிறுத்தினாராம். இருநூற்றுப் பதினெட்டு வரியையும் எழுதிய எனக்கு இது தெரியாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கடிதம், கட்டுரை அடிப்பார்கள், அவர்களுக்கும் தாள் முழுதாகத் தெரிய வேண்டும் என்றார்.

ஆறேழு கேள்வி வந்தது. இரண்டுக்குத் தெரியாது என்றார். தெரியாது என்பதை எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்.

கை தூக்கியதில் செண்பகத்துக்குப் பதிமூன்று. பால்பாண்டியும் தூக்கினார். "என் மீனு பள்ளிக்கூடத்துக்குப் போனா எவனும் படிக்க மாட்டான்யா," என்றார்.

பள்ளிக்குப் போகும் முதல் கணினியை அங்கேயே திறந்து வைத்தார்கள். செண்பகம் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். முதல் வேலையாக 37ஐ 0 ஆக்கினார். பட்டை ஓரத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. அதுதான் இன்னும் அழகு. என் கோப்பிலிருந்து உயரத்தையும் தமிழ்த் தேதியையும் எடுத்துச் சேர்த்தார். என் பழுப்பு நிறம் வேண்டாம் என்றார், "மங்கலா இருக்குதுங்க." பிறகு மேலே போய், நுழையும் பக்கத்தில் தெரிய வேண்டிய வரியில் தன் பெயரை அடித்தார். வேகமான விரல்.

அடுத்த வரிக்கு வந்து நிறுத்தினார்.

"உங்க பேருங்க சார்?"

வேண்டாம்மா என்றேன். உண்மையாகவே வேண்டாம் என்றுதான் இருந்தது.

"எழுத்துத் தலை வெட்டுப்படாம வெச்சது நீங்கதானுங்க. உங்க பேரைப் போடலீன்னா அதையும் நான் செஞ்சேன்னு ஆயிப்போகுமுங்க. எனக்கு அது ஆகாதுங்க."

மாடியில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ச. இராமலிங்கம் என்றேன். 'தமிழ் எழுத்து: ச. இராமலிங்கம், திண்டுக்கல்' என்று அடித்தார்.

"ஓய்வு பெற்ற ஆசிரியர்னு சேக்கலாமாம்மா?" என்று கேட்டுவிட்டேன். வாய்.

"அதுக்கும் பட்டைக்கும் என்னங்க சார் சம்பந்தம்?" என்று சொல்லிவிட்டுச் சேமித்தார்.